கிணற்றின் கணக்கு: நெல்லைச் சீமையின் புஞ்சைக் காட்டில் நிலத்தடி நீரை அளந்து, காத்து, பயன்படுத்தும் வழிகாட்டி

மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறியதும் மானூர், ஆலங்குளம், குருவிகுளம் சாலைகளில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டிகள் வரத் தொடங்கும். துளையிடும் எந்திரம் ஏற்றிய லாரி முன்னால் போக, குழாய்த்தண்டுகளும் டீசல் பீப்பாய்களும் ஏற்றிய லாரி அதன் பின்னால் போகும். எந்தத் தோட்டத்துப் பாதையில் அவை இரண்டும் திரும்புகின்றனவோ, அந்தத் தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பயிர் வாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையில் இருக்கும் நகையை அடகு வைத்து, இரண்டே நாளில் எடுக்கப்படும் முடிவு அது. ஆகவே அது பெரும்பாலும் தவறான முடிவாகவே அமைந்துவிடுகிறது.

எங்கள் குடும்பமும் அப்படி ஒரு முடிவை எடுத்தது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததை அடுத்து வந்த கோடையில், தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்த ஒருவர் காட்டிய இடத்தில் போர் போட்டோம். 140 அடியில் ஈரம் கண்டது. அதன் பிறகு வெறும் வெண்புழுதிதான் பறந்தது. "அண்ணாச்சி, இன்னும் நூறடி விட்டா கெடச்சிரும்" என்று வண்டிக்காரர் சொல்லச் சொல்ல 640 அடி வரை போனோம். கிடைத்தது ஒரு மணி நேரம் ஓடினால் அரை நாள் ஓய்வு கேட்கும் தண்ணீர். எங்கள் பழைய கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறுகிறது என்பதை அதற்கு முன் ஒருநாளும் நாங்கள் அளந்து பார்த்ததில்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் போர் போடுவது கடைசிப் படிகளில் வருகிறது. அதற்கு முன்னுள்ள வேலைகளை ஒழுங்காகச் செய்தவர்களில் பலருக்கு அந்தப் படி தேவைப்படாமலே போகலாம்.

முதல் படி: காலுக்குக் கீழே இருப்பது என்ன பாறை என்று அறிதல்

1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டாலும், தண்ணீரைப் பொறுத்தவரை பழைய நெல்லைச் சீமை இன்னும் ஒரே நிலம்தான். அதனுள் இரண்டு நாடுகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இரு பருவமழைகளையும் வாங்கி வரும் தாமிரபரணியின் கால்வாய்கள் பாய்ந்து, கார், பிசானம் என்ற இரு போக நெல்லும் விளையும் நஞ்சை நாடு ஒன்று. கால்வாய் எட்டாத, ஐப்பசி கார்த்திகை மழையை மட்டுமே நம்பியிருக்கும் வானம் பார்த்த புஞ்சை நாடு மற்றொன்று. சங்கரன்கோவில், மானூர், ஆலங்குளம், நாங்குநேரி, வள்ளியூர், இராதாபுரம் பக்கங்களில் பெரும்பகுதி இரண்டாவதைச் சேர்ந்தது.

இந்தப் புஞ்சை நாட்டின் அடியில் பெரும்பாலும் இருப்பது மிகப் பழமையான கடினப் பாறை. கடினப் பாறைக்குள் ஆறு ஓடுவதில்லை. 'பாதாள கங்கை' என்று ஊர்ப் பேச்சில் சொல்வது ஆறுதலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில் தண்ணீர் இரண்டே இடங்களில்தான் தங்குகிறது. ஒன்று, மேல்மண்ணுக்குக் கீழே பாறை சிதைந்து சரளையும் களியுமாகக் கிடக்கும் சில பத்தடிகள். மற்றொன்று, அதற்கும் கீழே பாறையில் ஓடும் வெடிப்புகள். மேலடுக்கு ஒரு கடற்பஞ்சைப் போல மழையை வாங்கி வைத்துக்கொள்கிறது; வெடிப்புகள் அந்தத் தண்ணீரைக் கிணற்றுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்கால்களாக இருக்கின்றன. ஆழம் கூடக்கூட மேலுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகி, எண்ணிக்கையிலும் அகலத்திலும் குறைந்துகொண்டே போகின்றன. ஆழத்தில் வெடிப்பு அகப்பட்டாலும், மேலே பஞ்சு காய்ந்திருந்தால் அது சில மாதங்களில் வற்றிவிடும். எங்கள் 640 அடிக்கு நேர்ந்தது இதுதான்.

எல்லா இடமும் ஒன்றல்ல. சாத்தான்குளம், திசையன்விளை பக்கத்துத் தேரியில் செம்மணல் மழையைக் கணத்தில் குடித்துவிடும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நீரியல் கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால், மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்ப்பவர் கீழிருந்து உப்பை மேலே அழைக்கிறார் என்று ஆகிறது. தாழையூத்துப் பக்கத்தில் சுண்ணாம்புப் பாறை இருப்பது சிமெண்ட் ஆலையால் எல்லோருக்கும் தெரியும். திசையன்விளை அருகே ஆயன்குளத்தில் 2021ஆம் ஆண்டு மழையின்போது திருப்பிவிடப்பட்ட வெள்ளத்தை ஒரு கிணறு நாள்கணக்கில் உள்வாங்கியும் நிரம்பாமல் நின்றதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்து, அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறையின் குகைவழிகளே அதற்குக் காரணம் என்றது. அந்தக் கிணற்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஆலங்குளத்துக் கடினப் பாறையில் அதே அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் நிலத்தின் அடுக்கை அறியச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. சுற்றியுள்ள பத்துக் கிணறுகளுக்குள் எட்டிப் பாருங்கள். மண் எத்தனை அடி, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) எத்தனை அடி, சிதைந்த பாறை எத்தனை அடி, எந்தத் திசைச் சுவரில் ஊற்றுக்கண் கசிகிறது என்பதெல்லாம் திறந்த கிணற்றின் சுவரில் படம் வரைந்தாற்போல் தெரியும். எல்லாக் கிணறுகளிலும் வடகிழக்கு மூலையிலேயே கசிவு இருந்தால், வெடிப்பு ஓடும் திசை உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று பொருள்.

இரண்டாம் படி: கிணற்றை அளத்தல்

இதுவே இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. 1990 முதல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால், நம்மில் பலருக்கு எவ்வளவு இறைக்கிறோம் என்ற கணக்கே இல்லாமல் போயிற்று. அந்த உதவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கமலை இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பே அளவுகோலாக இருந்தது. இப்போது அந்த அளவுகோலை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியில் ஒரு கல்லையும் ஒரு தெர்மாகோல் துண்டையும் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்று மேடையில் ஓரிடத்தில் சாயத்தால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். மாலையில் மோட்டாரை நிறுத்தியவுடன் நீர்மட்டம் எத்தனையாவது முடிச்சில் நிற்கிறது என்று எழுதுங்கள். மறுநாள் காலை, மோட்டாரைப் போடுவதற்கு முன் மறுபடியும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் கிணறு ஓர் இரவில் ஊறிய ஊற்று.

எங்கள் வட்டக் கிணற்றின் குறுக்களவு 20 அடி. அதன் பரப்பு 314 சதுர அடி ஆகும். ஒரு கன அடி தண்ணீர் 28.3 லிட்டர் என்பதால், மட்டம் ஓர் அடி உயர்ந்தால் ஏறத்தாழ 8,900 லிட்டர் ஊறியிருக்கிறது. 12 மணி நேரத்தில் இரண்டு அடி உயர்ந்தால் 17,800 லிட்டர். மட்டம் கீழேயே வைக்கப்பட்டிருக்கும்வரை ஊற்று இதே வேகத்தில் வரும் என்று கொண்டால், ஒரு நாளைக்குச் சற்றேறக்குறைய 35,600 லிட்டர். இந்த எண்தான் உங்கள் சொத்து. கிணறு 60 அடி ஆழமா 80 அடி ஆழமா என்பது அந்தச் சொத்தை வைத்திருக்கும் பெட்டியின் அளவு மட்டுமே.

பங்குக் கிணறாக இருந்தால், பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து நிற்கும் நாளில் இதைச் செய்வது நல்லது. முறைத் தண்ணீர் எத்தனை மணி நேரம் என்பதில் வரும் பாதிச் சண்டை, யார் முறையில் கிணறு எவ்வளவு ஊறியது என்று ஒருவருக்கும் தெரியாததால் வருவது. எங்கள் சித்தப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் பேச்சு இல்லாதிருந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியாது.

போர்க் கிணறாயின், 200 லிட்டர் பீப்பாய் எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 80 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 9,000 லிட்டர். மோட்டார் ஓடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் அளக்கக் கூடாது. குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் கண்ணை ஏமாற்றும். தொடர்ந்து ஓடி இரண்டு மணி நேரம் கழித்து, அதற்குப் பிறகும் அரை மணிக்கு ஒருமுறை அளந்து, அளவு குறையாமல் நிற்கும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஆகிய நான்கு மாதங்களில் அளக்கிறது. நீங்களும் அந்த மாதங்களில் ஒரே தேதியில் அளந்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நம் பக்கத்தில் மழை ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் முடிவதால் ஜனவரி மட்டமே ஆண்டின் உச்சமாக இருக்கும். பொங்கலன்று உங்கள் கிணற்றில் என்ன நிற்கிறதோ, அடுத்த ஐப்பசி வரை செலவு செய்ய உங்களிடம் உள்ள கையிருப்பு அதுதான். மூன்று பொங்கல்களின் எண்கள் கையில் இருந்தால், இந்த ஆண்டு கோடைப் பயிர் வைக்கலாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: தண்ணீரின் தரம்

சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியும் என்றால் அது கடின நீர் என்று நம் வீட்டுப் பெண்களுக்கு ஆய்வகம் இல்லாமலே தெரியும். ஆனால் நாக்குக்கும் கண்ணுக்கும் அகப்படாதவை இரண்டு உண்டு, புளோரைடும் நைட்ரேட்டும். பாறை கரைவதால் புளோரைடு வருகிறது. நைட்ரேட் பெரும்பாலும் உரம், மாட்டுத்தொழு, மலக்குழி ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே குடிக்கும் கிணற்றின் நீரை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கழுவிய பாட்டிலை அதே தண்ணீரால் மூன்றுமுறை அலசி, மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு விளிம்புவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி எடுத்துப் போங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகமே தரும் தூய்மை செய்யப்பட்ட பாட்டில் வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டிய எண்கள் இவை. இந்தியத் தர அளவுப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம். புளோரைடு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5க்கு மேல் கூடாது. நைட்ரேட் 45ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைடும் நைட்ரேட்டும் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும்.

பாசனத்துக்கு வேறு கணக்கு. உவர்நீரைத் தென்னை, பருத்தி, சப்போட்டா ஓரளவு தாங்கும். உள்ளி (வெங்காயம்), பாசிப்பயறு, எலுமிச்சை தாங்கா. புளியங்குடியில் எலுமிச்சை செழிக்கிறதே என்று பார்த்துவிட்டு, தண்ணீரைச் சோதிக்காமல் உவர்க் கிணற்றடியில் கன்று நட்டவர்கள் நான்காம் ஆண்டில் இலை நுனி கருகுவதைப் பார்த்து நிற்கிறார்கள். உப்பைவிடச் சூதானமாகக் கவனிக்க வேண்டியது, எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று அறிக்கையில் குறிக்கப்படும் எண். அது 1.25க்குள் இருந்தால் கவலை இல்லை, 2.5க்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் ஆண்டுக்காண்டு மண்ணை இறுக்கி, பாய்ச்சியது உள்ளே இறங்காமல் மேலேயே கட்டி நிற்கும்படி செய்துவிடும். அத்தகைய நிலத்துக்கு வேளாண் அலுவலர் சொல்லும் அளவில் ஜிப்சம் இடுவது பயன்தரும்.

நான்காம் படி: கிணற்றுக்கேற்ற பயிர்

இப்போது இரண்டாம் படியில் கிடைத்த எண்ணை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். கோடை வெயிலில் முழுதாக வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்தால், ஏக்கருக்கு 20,235 லிட்டர். மண்வாய்க்காலில் பாய்ச்சும்போது பத்தில் நான்கு பங்கு வழியிலேயே போய்விடும் என்று கொண்டால், கிணற்றிலிருந்து ஏறத்தாழ 33,700 லிட்டர் எடுக்க வேண்டியிருக்கும். 35,600 லிட்டர் ஊறும் எங்கள் கிணறு, இந்தக் கணக்கில் ஒரே ஓர் ஏக்கரைத்தான் தாங்கும். சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பத்தில் ஒன்பது பங்கு வேருக்குப் போனால் 22,500 லிட்டர் போதும், ஒன்றரை ஏக்கர் நனையும். நாங்கள் மூன்றரை ஏக்கரில் வாழை வைத்துக்கொண்டு, தண்ணீர் போதவில்லை என்று போர்வண்டியைக் கூப்பிட்டிருந்தோம்.

வாழைக்கு அதன் காலம் முழுவதும் 1,800 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு அது 73 லட்சம் லிட்டர் ஆகிறது. உளுந்து போன்ற பயறு 300 மில்லிமீட்டரில், அதாவது 12 லட்சம் லிட்டரில் முடிந்துவிடும். பாவூர்சத்திரம் சந்தையில் வாழைத்தார் விலை என்ன, உள்ளி விலை என்ன என்று கேட்டுப் பயிரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு எந்தப் பயிர் எத்தனை ரூபாய் தருகிறது என்று அதே நோட்டில் ஒருமுறை வகுத்துப் பார்த்தால், முருங்கையும் மல்லிகையும் வேறு முகம் காட்டும். இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் முருங்கைத் தோட்டங்கள் பெருகியதற்கு அது ஒரு காரணம்.

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு உழவருக்கு முழு மானியமும் மற்றவருக்கு 75 விழுக்காடும் உண்டு. கடின நீராக இருந்தால் சொட்டுவாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைக்கும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவவும், குழாய்க் கடைசி மூடிகளைத் திறந்து வண்டலை ஓடவிடவும் சோம்பல்படுபவர் அந்த மானியத்தை வாங்காதிருப்பதே மேல். சூரிய மோட்டார் போட்டவர்கள் வெயில் உள்ளவரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஊற்றைவிடக் கூடுதலாக இறைப்பது எந்த மின்சாரத்தில் நடந்தாலும் கிணற்றுக்கு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: குடிநீரைத் தனியே வைத்தல்

தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கிராமக் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளும் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். முன் சொன்ன 20,235 லிட்டரோடு இதை ஒப்பிட்டால், ஓர் ஏக்கர் பயிரின் ஒரு நாள் தாகம் 73 வீடுகளின் ஒரு நாள் தேவை. கோடையில் ஊர்ப் பொதுக் கிணறு வற்றுவதற்கு ஊர்க்காரர் குடிப்பது காரணமாக இருப்பது அரிது. அதை ஒட்டிய தோட்டத்து மோட்டாரே பெரும்பாலும் காரணம். ஆகவே ஊர்க்கூட்டம் போட்டு, குடிநீர்க் கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் புதிய போர் போடுவதில்லை என்றும், சித்திரை, வைகாசியில் பக்கத்துத் தோட்டங்கள் இரவில் மட்டும் இறைப்பது என்றும் பேசி முடிவு செய்துகொள்வது, இன்னொரு மேல்நிலைத் தொட்டி கட்டுவதைவிட விரைவாகப் பலன் தரும்.

குடிநீர்க் கிணற்றின் விளிம்புச் சுவர் தரையிலிருந்து மூன்றடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் தளம் வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். மலக்குழியும் மாட்டுத்தொழுவும் 50 அடிக்கு அப்பால், இயன்றால் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். வெடிப்புப் பாறையில் அழுக்கு நீர் வடிகட்டப்படாமல் வேகமாக ஓடிவிடும் என்பதால், 50 அடி என்பது மிகக் குறைந்த எல்லை என்றே கொள்ளுங்கள். மழைக்குப் பின் கலங்கிய கிணற்றில் 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வாளியில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழியாமல் யாரும் எடுக்கக் கூடாது.

புளோரைடோ உப்போ அளவை மீறிய ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீரைச் சேமிப்பது நான் அறிந்த எளிய வழி. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்து 100 மில்லிமீட்டர் பெய்தாலே, வீணாவது போக 7,400 லிட்டர் கிடைக்கும். தலைக்கு 7 லிட்டர் வீதம் ஐந்து பேர் 120 நாள் குடித்துச் சமைக்க 4,200 லிட்டர் போதும். முதல் மழை மாடியைக் கழுவிப் போகட்டும். இரண்டாம் மழையிலிருந்து மணல், சரளை வடிகட்டி வழியாக, வெளிச்சம் புகாத தொட்டியில் பிடியுங்கள்.

ஆறாம் படி: கிணற்றுக்குத் திருப்பிக் கொடுத்தல்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கின. தண்ணீரோ கடலுக்குப் போயிற்று. அடுத்த கோடையில் புஞ்சைக் கிணறுகள் வழக்கம்போல இறங்கின. நம் மழை சில நாள்களில் பெய்து முடிகிறது. கடினப் பாறையின் மேலுள்ள பஞ்சு அதை மெதுவாகத்தான் குடிக்கும். ஆகவே தண்ணீரை நிற்கவைப்பதே வேலை.

அதற்கு நம் முன்னோர் செய்த கருவி குளம். ஒரு குளத்தின் ஆயக்கட்டில் உள்ள கிணறுகள், குளம் மறுகால் பாய்ந்த ஆண்டில் சித்திரை வரை தாங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குளத்தைத் தூர்வாருவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் பல குளங்கள் பெருகாதிருப்பதற்குக் காரணம் அடியில் படிந்த வண்டல் மட்டுமல்ல, வரத்துக்கால் மறிக்கப்பட்டதும்தான். புரட்டாசியில் ஒரு நாள் வரத்துக்கால் நெடுகிலும் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். எந்த இடத்தில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் சாலைப் பாலத்தின் கண் மண்மூடியிருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

சொந்த நிலத்தில் செய்யக்கூடியது, வரப்பை உயர்த்திக் கோடை உழவு போடுவதும், தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுவதும், கிணற்றுக்கு அருகே உறிஞ்சுகுழி அமைப்பதும். உறிஞ்சுகுழிக்கு இரண்டு குழிகள் வேண்டும். முதல் குழி, ஆறடிக்கு ஆறடி, வண்டல் தங்குவதற்கு மட்டும். அங்கிருந்து தெளிந்து வழியும் நீர் இரண்டாம் குழிக்குப் போகும். அதில் அடியில் பெருங்கல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சரளை, எல்லாவற்றுக்கும் மேலே ஆற்றுமணல் என்று நிரப்பி, அடியிலிருந்து ஒரு குழாயைக் கிணற்றுக்குள் விட வேண்டும். குழாயின் வாய் கிணற்றுச் சுவரிலிருந்து இரண்டடியாவது உள்ளே நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் வழியும் நீர் சுவரை அரித்துச் சரித்துவிடும். மேல்மணலை ஆண்டுதோறும் புரட்டாசியில் சுரண்டி மாற்ற வேண்டும். மருந்து தெளித்த வயலின் வடிநீரையும் தொழுவத்து நீரையும் எக்காரணம் கொண்டும் இதற்குள் விடாதீர்கள். குடிக்கும் போருக்குள் ஓடைநீரை நேராக இறக்குவது, அதை நச்சுக் கிணறாக்கும் குறுக்குவழி.

ஏழாம் படி: அதன் பிறகும் போர் வேண்டுமென்றால்

இருக்கும் கிணற்றிலேயே ஊற்றுக்கண் உள்ள சுவரில் சைடு போர், அதாவது பக்கவாட்டில் துளை, போட்டுப் பார்ப்பது முதல் தேர்வு. பஞ்சு அடுக்கில் உள்ள தண்ணீரை அது கிணற்றுக்கு இழுக்கும், செலவும் குறைவு. அதுவும் பலிக்காவிட்டால், தேங்காயையும் வேப்பங்குச்சியையும் விட்டுவிட்டு, வேளாண் பொறியியல் துறையிடம் கட்டணம் செலுத்தி, நிலத்தில் மின்சாரம் செலுத்தி அடுக்குகளைக் கணிக்கும் ஆய்வைக் கேளுங்கள். அந்த ஆய்வு தண்ணீரை நேராகக் காட்டாது. சிதைந்த பாறை எங்கே ஆழமாக இருக்கிறது என்று காட்டும். முதல் படியில் நீங்கள் கண்ட ஊற்றுத் திசையோடு அது ஒத்துப்போகும் புள்ளியே துளையிடத் தக்க இடம்.

வேலை நடக்கும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் முழுநேரமும் அருகே நிற்க வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை வெளியே வரும் தூளைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, அடியை எழுதி வரிசையாக வையுங்கள். தூள் பழுப்பாகவும் துருவேறியும் இருந்தால் அங்கே வெடிப்பில் தண்ணீர் நடமாடியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மாவுபோல வந்தால் திடப் பாறை. தண்டு திடீரென்று வழுக்கி இறங்கினாலும் அந்த அடியைக் குறித்துக்கொள்ளுங்கள். துளையின் சுவரைத் தாங்கும் கேசிங் குழாயை, இரும்போ பி.வி.சி.யோ, மண்ணும் சரளையும் முடிந்து கெட்டிப் பாறையைத் தொடும்வரை போட்டே ஆக வேண்டும். பத்தடி மிச்சப்படுத்தினால் துளை சரிந்து மோட்டார் சிக்கிக்கொள்ளும். எந்த அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது முறையல்ல.

"ஒன்றரை இஞ்சு தண்ணி" என்று கம்ப்ரஸர் காற்றில் பீறிட்டு வருவதைப் பார்த்துச் சொல்வதை நம்பி மோட்டார் வாங்காதீர்கள். பலகையில் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதன் வழியே தண்ணீரை ஓடவிட்டு அளக்கலாம். வெட்டின் மூலையிலிருந்து நீர் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர், 5 சென்டிமீட்டர் நின்றால் 0.8 லிட்டர்தான். உயரம் பாதியாகும்போது தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவதைக் கவனியுங்கள். கண்மதிப்பு ஏமாறுவது இங்கேதான். விநாடிக்கு 2 லிட்டரை 80 மீட்டர் உயரம் தூக்க, உராய்வும் மோட்டாரின் இழப்பும் சேர்த்து 5 எச்.பி. போதும். ஊறுவதே 1 லிட்டராக இருக்கும் துளையில் அதே மோட்டாரை இறக்கினால் அது காற்றை இறைத்துக் கருகும்.

ஊராட்சியில் அனுமதி பெறாமல் துளையிடக் கூடாது. பிள்ளைகள் விழுந்து இறந்த சம்பவங்களுக்குப் பின் உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிகளும், தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு வந்த விதிகளும் இதில் கண்டிப்பானவை. வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். கேசிங்கைச் சுற்றிச் சிமெண்ட் மேடை வேண்டும். தண்ணீர் கிடைக்காத துளையை அடியிலிருந்து மேல்வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். மேலே சாக்கையும் கல்லையும் வைத்து மூடிவிட்டுப் போவது மூடுவதாகாது. எங்கள் 640 அடித் துளையின் மோட்டாரை உருவிய அன்று மாலையே இரும்புத் தகட்டைப் பற்றவைத்து வாயை அடைத்தோம். அடுத்த வாரம் இரண்டு டிராக்டர் மணல் அதற்குள் இறங்கியது. அந்த இடத்தில் இப்போது கிணற்றின் அளவுக் கயிறு தொங்கும் கல்தூண் நிற்கிறது.